ஒரு மாவுக்கட்டியும் மூன்று ஊர்க் கடைகளும்

எங்கள் ஊரில் "வெளியில் சாப்பிட்டோம்" என்று சொன்னால் பெரும்பாலும் பார்சல் என்றுதான் அர்த்தம். கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஓர்டர் கொடுத்து, லன்ச் சீற்றில் சுற்றிய கொத்தை ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, வீட்டுப் பீங்கானில் கொட்டிச் சாப்பிடுவோம். சமைக்கிற வேலை குறையும். கழுவுகிற வேலை அப்படியே இருக்கும். யார் சமைத்தார், எப்படிச் சமைத்தார், பக்கத்து மேசையில் யார் இருந்தார் என்று ஒன்றும் தெரியாது.

தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவெடுத்தோம். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு பகல் வரை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பார்சலும் எடுப்பதில்லை. கடையில் போய் உட்கார்ந்துதான் சாப்பிடுவது. கல்முனை, மட்டக்களப்பு, அம்பாறை என்று மூன்று ஊர். சாய்ந்தமருதில் இருந்து பார்த்தால் ஒன்று வாசற்படி, ஒன்று வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒன்று மேற்கே வயல்களைத் தாண்டி அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் ஊர்க் கடை முஸ்லிம் கடை, இரண்டாவது தமிழர் கடை, மூன்றாவது ஊரில் பெரும்பாலானவர்கள் சிங்களவர்.

கடைப் பெயர்களை எழுதவில்லை. விளம்பரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வெள்ளி இரவு, இஷா தொழுகை முடிந்து கல்முனை. கொத்துக் கடைக்கு வழி கேட்கத் தேவையில்லை, காதை வைத்தே போய்ச் சேரலாம். கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று பெருமை பேசாத கிழக்கு மாகாணத்தான் இல்லை. நாங்களும் பேசுவோம். வாசலில் நின்ற தம்பி எங்களைக் கண்டதும் உள்ளே கையைக் காட்டினார்.

"டீச்சர், உள்ளுக்கு பெமிலி ரூம் இரிக்கி. பேன் எல்லாம் போட்டிரிக்கி."

பெமிலி ரூம் என்பது திரை போட்ட ஒரு சின்ன அறை. எங்கள் ஊர்களில் பெண்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதே அந்தத் திரையின் புண்ணியத்தில்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்தால் திரையைத் தவிர எதுவும் தெரியாது.

"இஞ்ச கல்லுக்கிட்டயே இரிக்கிறம் தம்பி. கொத்துப் போடுறதப் பாக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்துவிட்டார். கோக்கியார் ஐம்பது தாண்டியவர். லீக்ஸ், கரட், வெங்காயம் கல்லில் விழுந்தன. முட்டை உடைந்தது. அடுக்கி வைத்த ரொட்டி வந்து விழுந்தது. இரண்டு கையிலும் தகடு. அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. கடைசியில் கோழி ஆணம் ஒரு அகப்பை, இன்னொரு அகப்பை. ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்தது.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவர் கேட்டார்.

"காக்கா, இந்த ஆணம் எப்பிடி இவ்வளவு தடிப்பா இரிக்கி?"

"தண்ணியா இரிந்தா ரொட்டியில ஒட்டாது சேர். ஆள் கூடினா கொஞ்சம் மா கரைச்சி ஊத்துவம்."

"கட்டி விழாதா?"

"விழும். அவசரத்துல விழும். வடிச்சி ஊத்தினா விழாது."

இதற்குள் ஒரு சின்ன விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. கோதுமை மாவில் இருக்கும் மாப்பொருள் ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பசையாகும். சரியாகக் கரையாத மாவு கொதிக்கிற ஆணத்துக்குள் விழுந்தால் வெளிப்பக்கம் உடனே பசையாகி மூடிக்கொள்ளும். பிறகு உள்ளே தண்ணீர் போகாது. எவ்வளவு கொதித்தாலும் நடுவில் உலர்ந்த மா வெள்ளையாக அப்படியே இருக்கும். பிய்த்துப் பார்த்தால் மாத்திரைத் தூள் மாதிரித் தெரியும். எங்கள் வீட்டுச் சட்டியிலும் விழும், உங்கள் வீட்டுச் சட்டியிலும் விழும். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பாறைக்குப் போகும்போது தேவைப்படும்.

ஒரு கோழிக் கொத்து, இரண்டு பேருக்கும் தாராளம். 1,100 ரூபா. 2022இல் கேஸ் வரிசை நீண்டிருந்த நாட்களில் விறகில் கொத்துப் போட்டதாகவும், மா விலை ஏறியபோது பல இரவு கடையைத் திறக்கவே இல்லை என்றும் கோக்கியார் சொன்னார். இஞ்சி பிளேன்டீக்குக் காசு எடுக்கவில்லை. "மகன்ட மிஸ்ஸுக்கு டீ குடுத்துக் காசு எடுக்கிறதா?" என்றார். எங்களில் ஒருவருடைய வகுப்பில் அவருடைய மகன் படிக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சனி காலை மட்டக்களப்பு. மருதமுனை, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி என்று ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர் என மாறி மாறி வருகிற பாதை. ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்காமல், பாதையோரத்தில் பள்ளிவாசலா கோயிலா என்று பார்த்தே எந்த ஊருக்குள் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். காத்தான்குடியில் ஈச்ச மரங்களைப் பார்த்தபடி ஒரு பால் தேத்தண்ணி. மேசைக்கு வந்த சோர்ட் ஈட்ஸ் தட்டில் இரண்டு மாட்டிறைச்சி ரோல்ஸ் மிஞ்சியது. அதைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டினோம்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சைவக் கடை. வெளியூர் போகிற முஸ்லிம் குடும்பங்களுக்குச் சைவக் கடை பழைய சிநேகிதம். இறைச்சியே இல்லாத இடத்தில் ஹலாலா என்ற கேள்வி எழுவதில்லை. வாசலில் "அசைவ உணவு உள்ளே கொண்டு வர வேண்டாம்" என்று ஒரு பலகை. எங்கள் பைக்குள் மாட்டிறைச்சி ரோல்ஸ். திரும்பிப் போய் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். அது அவர்களுடைய ஒழுங்கு. எங்களுக்கு இருக்கிற மாதிரி அவர்களுக்கும் ஒன்று.

மசாலாத் தோசை, உளுந்து வடை, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பரிமாறியவர் வயதான ஐயா. வேட்டியும் இல்லை, காற்சட்டையும் இல்லை, சாறன். வடையை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊர் தம்பி?"

"சாய்ந்தமருது, ஐயா."

ஒரு கணம் அவருடைய கை நின்றது. அது எங்கள் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் 2019க்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு கணத்தை எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். ஏப்ரல் 21 காலை இந்த நகரத்தின் சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒளிந்திருந்த வீட்டில் சாய்ந்தமருதில் வெடித்தது. அங்கும் பிள்ளைகள். அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்டு முதலில் தகவல் சொன்னவர்கள் எங்கள் ஊர் மக்கள்தான். ஆனால் தொலைக்காட்சியில் ஊர்ப் பெயர் மட்டும்தான் நின்றது. அதற்கும் முன்னால் 1990 இருக்கிறது. ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததை எங்கள் பக்கம் மறக்கவில்லை. அதே ஆண்டில் தங்கள் கிராமங்களில் நடந்ததை அவர்கள் பக்கமும் மறக்கவில்லை. இந்தப் பாதையில் ஒரு தோசை சாப்பிடுவதற்குக்கூட இவ்வளவையும் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

ஐயா சொன்னது இவ்வளவுதான்.

"சாய்ந்தமருதா? மருதமுனைக்கு அங்கால என்ன?"

"ஓம் ஐயா. கல்முனைக்கும் அங்கால."

"நான் உடுத்திரிக்கிறது மருதமுனைச் சாறன்தான். தறிச் சாறன். பத்து வருசம் பாவிச்சாலும் கிழியாது. இன்னொரு வடை வைக்கட்டா மகள்?"

அந்த "மகள்" என்ற சொல்லுக்காகவே இரண்டாவது வடை வாங்கிக்கொண்டோம். பின்னேரம் வாவிக்கரையில் உட்கார்ந்து அந்த ரோல்ஸையும் முடித்தோம். ஆறிப்போயிருந்தது, பரவாயில்லை.

ஞாயிறு அம்பாறை. காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். எங்கள் மாவட்டத்தின் தலைநகரம் அது. கச்சேரி, கல்வி அலுவல், ஆஸ்பத்திரி என்று வருடத்தில் பல தடவை போய் வருகிறோம். ஆனால் 2018க்குப் பிறகு அங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவோம், அல்லது பசியோடு திரும்பி வருவோம். எங்களைப் போல இன்னும் எத்தனையோ பேர்.

காரணம் பலருக்கு நினைவிருக்கும். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. சாப்பிட வந்தவர் கறிக்குள் ஒரு வெள்ளைக் கட்டியைக் காண்கிறார். கருத்தடை மாத்திரை போட்டிருக்கிறீர்களா என்று சத்தம் போடுகிறார். கெஷியரில் இருந்த இளைஞருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றிலும் கோபமான முகங்கள். என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே, போட்டோம் என்ற மாதிரி அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிடுகிறார். அதை ஒரு தொலைபேசி பதிவு செய்கிறது. பேஸ்புக் மிச்ச வேலையைச் செய்கிறது. அந்த இரவே கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் திகன எரிந்தது. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்தார்கள்.

பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அந்தக் கட்டியில் மருந்து எதுவும் இல்லை. மா. வெறும் மா. வெள்ளி இரவு கல்முனைக் கோக்கியார் சொன்ன "அவசரத்துல விழும்" மா. ஒருவரை நிரந்தரமாக மலடாக்க உணவில் கலந்து கொடுக்கிற மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. ஆனால் அறிக்கை வரும்போது கடையும் இல்லை, கண்ணாடிகளும் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சிங்கள அம்மா நடத்துகிற சின்னக் கடை. நான்கு மேசை. கண்ணாடி அலுமாரிக்குள் இடியப்பம், பருப்பு, பொல் சம்பல், பாற்சோறு. இன்னொரு பக்கத்தில் பிரைட் ரைஸ், டெவல். எங்களில் ஒருவர் அபாயா, ஒருவர் தாடி. உள்ளே போகும்போது எங்களுக்குத்தான் கால் கூசியது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாடி வென்ன" என்றார். உட்காருங்கள் என்று அர்த்தம்.

எங்களில் ஒருவருக்கு ஓரளவு சிங்களம் வரும். மற்றவருக்கு பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற அளவு. இறைச்சி இருக்கிறதா, எதோடு சேர்த்துச் சமைக்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது, கேட்டால் கோபிப்பாரா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் பிரைட் ரைஸ் பக்கம் விரலைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"ஏக எபா, மிஸ். எகம தாச்சிய."

அது வேண்டாம், எல்லாம் ஒரே தாச்சி. பஸ் சிங்களக்காரருக்கும் அது உடனே புரிந்தது. ஏனென்றால் தாச்சி இரண்டு பாஷையிலும் தாச்சிதான். எங்களுக்கு எது ஆகாது என்று நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு வியாபாரம் குறைவு. பிரைட் ரைஸ்தான் அங்கே விலை கூடிய சாமான். இடியப்பத்தையும் பருப்பையும் சம்பலையும் புதுக் கரண்டியில் எடுத்து வைத்தார். சம்பலில் மாசி கொஞ்சம் கூட. எங்கள் உம்மாமார் அரைக்கிற சம்பல் மாதிரியே உறைப்பு. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டோம். ஏழு வருடத்துக்குப் பிறகு அம்பாறையில் ஒரு காலைச் சாப்பாடு.

பகல் சாப்பாட்டுக்கு அதே நகரத்தில் ஒரு முஸ்லிம் கடை. பக்கத்து மேசையில் ஒரு சிங்களக் குடும்பம். தாய் சோற்றைப் பிசைந்து மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கதை கேட்டபடி பிள்ளை வாயைத் திறந்தது. கறியைக் கிளறிப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. யாரும் கவனிக்காத ஒரு காட்சி. நாங்கள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கெஷியரில் ஒரு இளைஞர் இருந்தார். அந்தத் தகப்பனோடு சரளமான சிங்களத்தில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு எங்களோடு தமிழில். எங்கே சிங்களம் படித்தீர்கள் என்று கேட்டோம். "இஞ்ச வந்துதான் சேர். பாஷை தெரியாம இந்தக் கதிரையில இரிக்க ஏலுமா?" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

திரும்பி வரும் வழியில் நாங்கள் பேசிக்கொண்டது இதைத்தான். சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பது ஒரு சமூகத்தை அவமதிப்பதாகாது. நாங்கள் தினமும் கேட்கிறோம். இது ஹலாலா, எந்த எண்ணெய், எந்தச் சட்டி? 2013இல் ஹலால் இலச்சினையை வைத்து இந்த நாட்டில் எவ்வளவு பெரிய சண்டை பிடித்தார்கள். ஆனால் ஹலால் என்பது அடிப்படையில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். சைவக் கடைப் பலகையும் அப்படித்தான். இது எங்கள் ஒழுங்கு, தெரிந்துகொள்ளுங்கள் என்கிறது. அந்த அம்மாவின் "எகம தாச்சிய" அதிலும் மேலான ஒன்று. கேட்காத கேள்விக்கு வந்த பதில்.

அம்பாறையில் அன்று இரவு கேள்வி ஒன்று கேட்கப்பட்டதுதான். ஆனால் பதிலை முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கேட்டார்கள். அதுவும் பதில் சொல்ல வேண்டியவருக்குப் புரியாத பாஷையில், பத்துப் பேர் சுற்றி நின்று. கல்முனையில் நாங்கள் கேட்ட அதே கேள்விதான். இதில் என்ன போட்டிருக்கிறது? எங்களுக்கு ஒரு சிரிப்போடு பதில் கிடைத்தது. அங்கே ஒரு கடை நொறுங்கியது. கட்டியில் வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் மாதான்.

நாங்கள் ஆசிரியர்கள் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் இருக்கிறது. சிங்களப் பாடசாலைகளில் தமிழ் இருக்கிறது. பல இடங்களில் அது பரீட்சைக்குக் கொஞ்சம், பிறகு மறதி. எங்கள் பிள்ளைகள் ஓ.எல். முடித்து முதலில் போகிற வேலைகளில் ஒன்று கடை வேலை. கெஷியர், வெயிட்டர், கோக்கிக்கு உதவி. அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டிய வசனங்கள் மிகச் சின்னவை. இதில் என்ன இருக்கிறது. இது மா. இதில் இறைச்சி இல்லை. எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வசனம் ஒன்று மட்டும் அன்று அந்த இளைஞரின் வாயில் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறோம். அது மட்டுமே அந்த இரவைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெறுப்புக்கு ஒரு சாட்டுத்தான் வேண்டும், அது வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கும். ஆனால் எங்கள் கையில் இருப்பது வகுப்பறை ஒன்றுதான். அடுத்த தவணையில் எங்கள் இரண்டு வகுப்பிலும், சிங்கள ஆசிரியரின் உதவியோடு, ஒரு கடை போட்டுப் பழக்கப் போகிறோம். ஒரு பிள்ளை கடைக்காரர், ஒரு பிள்ளை சாப்பிட வந்தவர். கேள்வியும் பதிலும் சிங்களத்தில். இன்ஷா அல்லாஹ்.

இரண்டு நாளும் சேர்த்துப் பெற்றோல் தவிர்ந்த செலவு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் சம்பளத்துக்கு இது ஒவ்வொரு வாரமும் முடிகிற காரியம் இல்லை. தவணைக்கு ஒரு தடவை முடியும்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பக்கத்து ஊருக்கு அலுவலாகப் போனால் சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு கடையில் போய் உட்காருங்கள். உங்களுக்கு ஆகாதது எது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆகாதது எது என்று கேளுங்கள். ஒரு தேத்தண்ணி என்றாலும் பரவாயில்லை. சிங்கள, தமிழ்ச் சகோதரர்கள் இதை வாசித்தால், எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வாருங்கள். ஆணம் எப்படித் தடித்தது என்று கேட்டால் எங்கள் கோக்கிமார் கோபிக்க மாட்டார்கள். அகப்பையோடு வந்து விளக்குவார்கள்.

எங்கே சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார் என்று நீங்களும் எழுதுங்கள். பொத்துவில் பக்கம் நல்ல சட்டித் தயிர் கிடைக்கிற கடை தெரிந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த தவணை விடுமுறைக்கு அந்தப் பக்கம்தான் யோசித்து வைத்திருக்கிறோம்.